வட்டார ஹைட்ரஜன் திட்டத்துக்கு நிதி பெறுவது எப்படி? புதிதாக இறங்குபவர்களுக்கான வழிகாட்டி

துறைமுகம், தொழிற்பேட்டை, பேருந்துப் பணிமனை, கல்லூரி வளாகம் என ஒரு வட்டாரத்துக்குள் பசுமை ஹைட்ரஜனை (புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தால் நீரைப் பிரித்து எடுக்கும் ஹைட்ரஜனை) தயாரித்து, சேமித்து, அங்கேயே பயன்படுத்தும் திட்டத்துக்கு அரசு நிதி கேட்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். இந்தியாவின் தேசிய பசுமை ஹைட்ரஜன் இயக்கத்தை ஒட்டியே எல்லாம் சொல்லப்படுகிறது. 2023 ஜனவரி 4 அன்று ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்த இந்த இயக்கத்தின் மொத்த ஒதுக்கீடு ₹19,744 கோடி. 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் உற்பத்தி என்பது இலக்கு.

பெரும்பாலானவர்கள், நீரைப் பிரிக்கும் கருவியான எலக்ட்ரோலைசரின் விலைப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறார்கள். வேலையைத் தொடங்க வேண்டியது மறுமுனையில். நிதி பரிசீலிக்கும் குழு முதலில் தேடுவது, தயாராகும் ஹைட்ரஜனைக் காசு கொடுத்து வாங்க யார் இருக்கிறார்கள் என்பதைத்தான்.

படி 1: வாங்குபவரைப் பிடியுங்கள்

உங்கள் இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் சுற்றளவில் இப்போதே ஹைட்ரஜன் பயன்படுத்துபவர்களைப் பட்டியலிடுங்கள். வனஸ்பதி ஆலைகள், தட்டைக் கண்ணாடித் தொழிற்சாலைகள், மருந்து மூலப்பொருள் ஆலைகள், உலோகப் பதப்படுத்தும் உலைகள், ஜெனரேட்டரைக் குளிர்விக்க ஹைட்ரஜன் வாங்கும் அனல் மின்நிலையங்கள் எல்லாம் இதில் வரும். இவர்களில் பலர் சிலிண்டரிலோ, நீண்ட குழாய்க் கலன்களை ஏற்றிவரும் டியூப் டிரெய்லரிலோ வாங்குகிறார்கள். சாதாரண சிலிண்டர் ஒன்றில் இருப்பது அரை கிலோ சொச்சம் ஹைட்ரஜன்தான். அதனால் கிலோ கணக்கில் பார்த்தால் அவர்கள் கொடுக்கும் விலை அதிகம். சிறிய திட்டத்துக்கு இவர்களே நல்ல வாடிக்கையாளர்கள்.

உர ஆலையும் சுத்திகரிப்பு ஆலையும் வேறு அளவைச் சேர்ந்தவை. ஒரு டன் அம்மோனியாவுக்கு 177 கிலோ ஹைட்ரஜன் வேண்டும். நாளைக்கு 1,000 டன் அம்மோனியா என்றால் 177 டன் ஹைட்ரஜன். அதைத் தர 400 மெகாவாட் எலக்ட்ரோலைசர் 24 மணி நேரமும் ஓட வேண்டும். ஒரு மெகாவாட் திட்டத்தை வைத்துக்கொண்டு ‘உர ஆலைக்குக் கொடுப்போம்’ என்று எழுதினால் குழு அந்தப் பக்கத்திலேயே நின்றுவிடும்.

வாங்குபவரிடமிருந்து வெறும் விருப்பக் கடிதம் போதாது. நாளொன்றுக்கு எத்தனை கிலோ, எந்தத் தூய்மை, எந்த அழுத்தம், எத்தனை ஆண்டு, எடுக்காவிட்டாலும் எத்தனை சதவீதத்துக்குப் பணம் தருவார் என்ற ஐந்தும் எழுத்தில் வேண்டும். ஐந்தாவதற்கு யாரும் எளிதில் கையெழுத்துப் போட மாட்டார்கள். ஆனால் வங்கி கேட்பது அதைத்தான். குறைந்த அளவுக்காவது அந்த உறுதியை வாங்கிவிடுங்கள்.

படி 2: ஒரு தாளில் கணக்கு

பத்து பேருந்துகளை வைத்துப் போட்டுப் பார்ப்போம். ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுத்து ஓடும் எரிபொருள் செல் பேருந்து 100 கிலோமீட்டருக்கு 8 முதல் 10 கிலோ ஹைட்ரஜன் எடுக்கும். 9 என்று வையுங்கள். ஒரு பேருந்து நாளைக்கு 200 கிலோமீட்டர் ஓடினால் 18 கிலோ. பத்துக்கு 180 கிலோ.

ஒரு கிலோ ஹைட்ரஜன் தயாரிக்க எலக்ட்ரோலைசர் தொகுதி ஏறக்குறைய 55 யூனிட் மின்சாரம் எடுக்கும். அப்படியென்றால் 1 மெகாவாட் கருவி மணிக்கு 18 கிலோ தரும். 180 கிலோவுக்கு முழுச் சுமையில் 10 மணி நேரம் ஓட வேண்டும். பேருந்துத் தொட்டியில் 350 பார் அழுத்தத்தில் நிரப்ப கம்ப்ரஸர், குளிரூட்டி, நீர்ச் சுத்திகரிப்பு எல்லாம் சேர்த்து கிலோவுக்கு 60 யூனிட் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு 10,800 யூனிட், 330 நாளுக்கு சுமார் 35.6 லட்சம் யூனிட்.

இனி விலை. யூனிட் ₹6 என்றால் ஒரு கிலோ ஹைட்ரஜனில் மின்சாரச் செலவு மட்டும் ₹360. ₹4 என்றால் ₹240. அதாவது மின்கட்டணத்தில் ஒரு ரூபாய் ஏறினாலும் இறங்கினாலும் கிலோவுக்கு ₹60 மாறுகிறது. இயக்கத்தின் ‘சைட்’ ஊக்கத்தொகைத் திட்டத்தில் உற்பத்தியாளருக்கு வைத்த உச்ச வரம்பு முதல் ஆண்டில் கிலோவுக்கு ₹50, இரண்டாம் ஆண்டில் ₹40, மூன்றாம் ஆண்டில் ₹30. மலிவான மின்சார ஒப்பந்தம் ஒன்று இந்த மானியத்தைவிடப் பெரியது. நிதி தேடி அலையும் நேரத்தில் பாதியை மின்சாரம் தேடச் செலவிடுங்கள் என்று நாங்கள் சொல்வதன் காரணம் இதுதான்.

அடுத்து டீசலோடு ஒப்பிடுங்கள். லிட்டருக்கு 4.5 கிலோமீட்டர் ஓடும் பேருந்து 200 கிலோமீட்டருக்கு 44 லிட்டர் எடுக்கும். லிட்டர் ₹92 என்றால் ₹4,090 ஆகிறது. அதே ஓட்டத்துக்கு 18 கிலோ ஹைட்ரஜன். ஆகவே டீசலுக்கு ஈடாக இருக்க ஒரு கிலோ ₹227க்குக் கிடைக்க வேண்டும். ₹4 மின்சாரத்திலேயே அந்தத் தொகை முழுக்கத் தீர்ந்துபோகிறது. கருவி விலை, வட்டி, ஆள், பராமரிப்பு எதுவும் இன்னும் சேரவில்லை.

இந்த இடைவெளியைக் கண்டு பயந்து மறைக்காதீர்கள். முன்னோடித் திட்டங்களுக்கு அரசு தரும் இடைவெளி நிரப்பு நிதி இதற்காகவே இருக்கிறது. உங்கள் செலவு இவ்வளவு, பயனாளர் தரக்கூடியது இவ்வளவு, மீதி இவ்வளவு, அந்த மீதி எத்தனை ஆண்டில் எப்படிக் குறையும் என்று நேர்மையாகக் காட்டும் விண்ணப்பத்துக்குத்தான் மதிப்பு. லாபம் கொட்டும் என்று காட்டினால், பிறகு உங்களுக்கு மானியம் எதற்கு என்ற கேள்வி வரும்.

படி 3: எந்தத் திட்டத்தில் கேட்பது?

₹19,744 கோடியில் ₹17,490 கோடி ‘சைட்’ திட்டத்துக்கு, ₹1,466 கோடி முன்னோடித் திட்டங்களுக்கு, ₹400 கோடி ஆராய்ச்சிக்கு, ₹388 கோடி இதர பணிகளுக்கு. புதியவர்கள் பெரிய தொகையைப் பார்த்து ‘சைட்’ பக்கம் ஓடுகிறார்கள். அது இந்திய சூரிய ஆற்றல் கழகமான செக்கி போன்ற முகமைகள் நடத்தும் ஏலம். குறைந்த ஊக்கத்தொகை கேட்பவருக்கோ குறைந்த விலை சொல்பவருக்கோ போகும். ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான டன் தரக்கூடிய நிறுவனங்களின் களம் அது. நாளைக்கு 180 கிலோ திட்டத்துக்கு அங்கே இடமில்லை.

உங்களுக்குப் பொருந்தக்கூடியவை முன்னோடித் திட்டங்கள். 2024 பிப்ரவரியில் வந்த வழிகாட்டுதல்களில் போக்குவரத்துக்கு ₹496 கோடி, எஃகுக்கு ₹455 கோடி, கப்பலுக்கு ₹115 கோடி என்று ஒதுக்கினார்கள். போக்குவரத்துப் பிரிவில் 2025 மார்ச்சில் ஐந்து திட்டங்களுக்கு அனுமதி கிடைத்தது: 37 வாகனங்கள், 9 எரிபொருள் நிலையங்கள், 10 வழித்தடங்கள், சுமார் ₹208 கோடி உதவி. தெற்கே திருவனந்தபுரம்–கொச்சி அதில் ஒன்று. அந்த ஐந்தில் டாடா மோட்டார்ஸ், அசோக் லேலண்ட், ரிலையன்ஸ், என்டிபிசி, எண்ணெய் நிறுவனங்கள், கேரள அரசின் ஆற்றல் முகமையான அனெர்ட் ஆகியவை இடம்பெற்றன. வாகனம் செய்பவரும் எரிபொருள் தருபவரும் ஓட்டுபவரும் ஒரே விண்ணப்பத்தில் கைகோத்திருக்க வேண்டும் என்பதே அந்தப் பட்டியல் சொல்லும் பாடம்.

ஹைட்ரஜன் மையங்களுக்கான வழிகாட்டுதல் 2024 மார்ச்சில் ₹200 கோடி ஒதுக்கீட்டோடு வந்தது. சேமிப்பு, குழாய், அழுத்தம் ஏற்றுதல், நிரப்பு நிலையம், நீர்ச் சுத்திகரிப்பு போன்ற பொது உள்கட்டமைப்புக்கானது அது. 2025 அக்டோபரில் தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகம், குஜராத்தின் தீன்தயாள் துறைமுகம், ஒடிசாவின் பாராதீப் துறைமுகம் மூன்றும் பசுமை ஹைட்ரஜன் மையங்களாக அங்கீகரிக்கப்பட்டன. மையமாக அங்கீகாரம் பெறுவதும் கையில் பணம் வருவதும் வேறுவேறு என்பதை மனதில் வையுங்கள். தென்மாவட்டங்களில் திட்டம் போடுபவர்களுக்கு ஒரு நல்ல வழி உண்டு: தனியாகக் கட்டமைப்புக் கேட்பதைவிட, துறைமுகப் பொதுக் கட்டமைப்பில் இணையும் பயனாளராக உங்களை முன்வைக்கலாம்.

ஸ்டார்ட்அப் நிறுவனங்களுக்கு 2025 செப்டம்பரில் ₹100 கோடி அழைப்பு வந்தது. ஒரு திட்டத்துக்கு ₹5 கோடி வரை. சோதனைக்கூடம் அமைக்க விரும்பும் நிறுவனங்களுக்குத் தனியாக ₹200 கோடித் திட்டம், தேசிய சூரிய ஆற்றல் நிறுவனம் வழியாக.

பல உபதிட்டங்களின் ஒதுக்கீடு 2025-26 நிதியாண்டு வரை என்றுதான் முதலில் போடப்பட்டது. ஆகவே பழைய பிடிஎஃப் கோப்பை வைத்து வேலை செய்யாதீர்கள். புதுப்பிக்கத்தக்க ஆற்றல் அமைச்சகத்தின் தளத்தில் வழிகாட்டுதலையும் அதன் பின்வந்த திருத்தங்களையும் சேர்த்துப் படித்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

படி 4: ‘பசுமை’ என்று நிரூபிப்பது

2023 ஆகஸ்ட்டில் அறிவிக்கப்பட்ட தரவரையறைப்படி, ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு வெளியேறும் கரியமில வாயு 2 கிலோவைத் தாண்டக் கூடாது. 12 மாத சராசரியில் இதைப் பார்ப்பார்கள். நீர்ச் சுத்திகரிப்பு, மின்பகுப்பு, வாயுவைத் தூய்மையாக்கி உலர்த்துவது, அழுத்தம் ஏற்றுவது எல்லாம் இந்த 2 கிலோவுக்குள் அடங்க வேண்டும்.

இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. 2 கிலோ என்பது மூன்று யூனிட்டுக்கும் குறைவு. நமக்கு வேண்டிய 60 யூனிட்டில் ஏறக்குறைய 5 சதவீதம்தான் சாதாரண கிரிட் மின்சாரமாக இருக்கலாம். ‘பகலில் சோலார், இரவில் போர்டு கரண்ட்’ என்று திட்டமிட்டவர்கள் இங்கே அடிபடுகிறார்கள். உபரியைக் கிரிட்டுக்குக் கொடுத்து வங்கியிருப்பாக வைத்துப் பிறகு எடுக்கும் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தை விதி ஏற்கிறது. 2022 பிப்ரவரியில் வந்த பசுமை ஹைட்ரஜன் கொள்கை 30 நாள் இருப்புக்கு வழி தந்தது. ஆனால் 30 நாள் இருப்பை வைத்து ஆடிக் காற்றைத் தை மாதத்துக்குக் கொண்டுபோக முடியாது. முப்பந்தல், கயத்தாறு பக்கம் காற்றாலையை நம்புபவர்கள் மே முதல் செப்டம்பர் வரை வரும் உற்பத்தியையும் மற்ற மாதங்களையும் தனித்தனியாகக் கணக்கிட்டு, சோலாரைச் சேர்த்து மாத வாரியாக அட்டவணை கொடுங்கள். ஆண்டுச் சராசரி ஒன்றை மட்டும் எழுதி அனுப்பினால் திரும்பி வரும்.

வேறு மாநிலத்திலிருந்து மின்சாரம் எடுப்பவர்களுக்கு, 2030 டிசம்பர் 31க்குள் இயங்கத் தொடங்கும் பசுமை ஹைட்ரஜன் திட்டங்களுக்கு மாநிலங்களிடை மின்கடத்தல் கட்டண விலக்கு 25 ஆண்டுகளுக்கு உண்டு. மாநிலத்துக்குள் வரும் வீலிங் கட்டணம் (மின்வாரியக் கம்பிகளைப் பயன்படுத்துவதற்கானது), கிராஸ் சப்சிடி கூடுதல் கட்டணம் (வாரியத்தை விட்டு வெளியே வாங்குவதற்காகச் செலுத்துவது) இதில் அடங்காது. அவற்றை மறந்துவிட்டு ‘₹3.50 மின்சாரம்’ என்று எழுதுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. ஆலை வாசலில் மீட்டருக்கு வந்து சேரும் விலையை எழுதுங்கள்.

படி 5: நீர், நிலம்

வேதிக் கணக்குப்படி ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9 லிட்டர் நீர். நடைமுறையில் தூய நீர் 10 லிட்டருக்கு மேல் போகும். 180 கிலோவுக்கு 1,800 லிட்டர் தூய நீர் தேவை. சுமாரான நிலத்தடி நீரை ஆர்ஓவில் விட்டால் 3,000 லிட்டர் மூல நீர், கடல் நீரானால் 4,500 லிட்டர் என்று வையுங்கள். குளிர்விப்புக் கோபுரம் வைத்தால் அதற்குத் தனி. அளவு பெரிதில்லை, தரம்தான் பிரச்சினை. மென்படல வகை எலக்ட்ரோலைசருக்குள் போகும் நீரின் கடத்துதிறன் 1 மைக்ரோசீமென்ஸுக்குக் கீழே இருக்க வேண்டும். ஆர்ஓவுக்குப் பின் அயனிப் பரிமாற்றப் படுக்கை இல்லாவிட்டால், நீரில் தப்பிவரும் இரும்பு, கால்சியம் அயனிகள் மென்படலத்தில் ஒட்டிக்கொண்டு, அதே ஹைட்ரஜனுக்கு மாதாமாதம் கூடுதல் யூனிட் செலவாகும். அது உத்தரவாதத்தையும் செல்லாமல் ஆக்கிவிடும். ஆர்ஓ கழிவுநீர் எங்கே போகிறது என்பதையும் அறிக்கையில் எழுதுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கேட்கும்.

நிலம் உங்கள் பெயரில் இருக்க வேண்டும், அல்லது திட்டக் காலத்தைவிட நீண்ட பதிவு செய்த குத்தகை வேண்டும். கடற்கரை ஓரம் என்றால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அனுமதி தேவையா என்று முதல் மாதத்திலேயே பாருங்கள்.

படி 6: பாதுகாப்பு அனுமதிகள்

அழுத்தக் கலன்களுக்கும் சிலிண்டர்களுக்கும் நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட, பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்புக்கான ஒன்றிய அரசின் பெசோ அமைப்பின் ஒப்புதல் கட்டாயம். 2016ஆம் ஆண்டின் அழுத்தக் கலன் விதிகளும் வாயு சிலிண்டர் விதிகளும் பொருந்தும். வெளிநாட்டுக் கலனுக்கு அந்த ஒப்புதல் இருக்கிறதா என்று ஆர்டர் போடும் முன் கேளுங்கள். கலன் துறைமுகத்தில் வந்து இறங்கிய பின் கேட்டால் மாதக்கணக்கில் காத்துக் கிடக்கும்.

தள வரைபடத்தில் குழு உற்றுப்பார்க்கும் இடம் கம்ப்ரஸர் அறையின் கூரை. ஹைட்ரஜன் மேலே ஏறும். காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை கலந்தால் தீப்பற்றும். சுடர் பகலில் கண்ணுக்குத் தெரியாது. தட்டையான கான்கிரீட் கூரையில் உத்தரங்களுக்கு இடையே உள்ள குழிகளில் அது தேங்கி நிற்கும். கதவருகே, இடுப்பு உயரத்தில் வைத்த கசிவு உணரி எதையும் பிடிக்காது. கூரையைச் சாய்வாக அமைத்து, உச்சியில் காற்றுப்போக்கி வைத்து, அதன் அருகிலேயே உணரியைப் பொருத்துங்கள். 0.4 சதவீதத்தில் எச்சரிக்கை, 1 சதவீதத்தில் தானே நிறுத்தம் என்ற அமைப்பை வரைபடத்திலேயே குறியுங்கள். இன்னும் நல்லது, கம்ப்ரஸரைத் திறந்தவெளிக் கொட்டகையில் வைப்பது.

பேருந்துகளுக்கான எரிபொருளின் தூய்மை 99.97 சதவீதம், கார்பன் மோனாக்சைடு 0.2 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 0.2 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது. தூய்மைச் சோதனைக்கு எந்த ஆய்வகம், மாதிரியை எப்படி அனுப்புவது, எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பதற்கும் பட்ஜெட்டில் ஒரு வரி வேண்டும்.

படி 7: விரிவான திட்ட அறிக்கையும் (டிபிஆர்) கூட்டாளிகளும்

சிறிய திட்டத்தில் எலக்ட்ரோலைசர் மொத்தச் செலவில் ஒரு பங்குதான். கம்ப்ரஸர், சேமிப்புக் கலன்கள், வண்டியில் நிரப்பும் டிஸ்பென்சர், டிரான்ஸ்பார்மர், ரெக்டிஃபையர், சிவில் வேலை எல்லாம் சேர்ந்து அதற்கு ஈடாகவோ மேலாகவோ வரும். அளவு சிறுத்தால் கிலோவுக்கான செலவு எப்படி ஏறும் என்பதற்குத் தூத்துக்குடித் துறைமுகத்தில் 2025 செப்டம்பரில் தொடங்கிய மாதிரி ஆலையே சான்று: மணிக்கு 10 கன மீட்டர், அதாவது 0.9 கிலோ. செலவு ₹3.87 கோடி. துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குக்கும் மின்வாகன சார்ஜிங்குக்கும் அது மின்சாரம் தருகிறது. கற்றுக்கொள்வதற்கு அந்த அளவு சரி. அதை வைத்து வணிக விலை கணக்கிடக் கூடாது.

அறிக்கையில் பலர் விட்டுவிடும் செலவுகள் உண்டு. எலக்ட்ரோலைசருக்குள் மின்பகுப்பு நடக்கும் செல் அடுக்கான ஸ்டாக்கை 60,000 முதல் 90,000 மணி நேரம் ஓடியபின் மாற்ற வேண்டும். அந்தத் தொகையை ஆண்டுதோறும் ஒதுக்கிக் காட்டுங்கள். வருடங்கள் ஓட ஓட யூனிட் செலவு கூடுவதையும் சேருங்கள். உலகெங்கும் நிரப்பு நிலையங்களின் பராமரிப்புப் பதிவுகளில் அதிகம் பழுதாவது கம்ப்ரஸரும் டிஸ்பென்சரும்தான். ஒற்றைக் கம்ப்ரஸர் வைத்தால் அதன் டயாஃப்ரம் கிழிந்த அன்று பத்து பேருந்தும் நிற்கும். இரண்டு சிறிய கம்ப்ரஸர்களோ, ஒரு நாள் தேவைக்கு வெளியிலிருந்து டியூப் டிரெய்லர் வரவழைக்கும் ஒப்பந்தமோ வைத்துக்கொள்ளுங்கள். 200 பார் டிரெய்லர் ஒன்றில் 300 முதல் 400 கிலோ வரும்.

கொள்முதலில் இரண்டு விதிகள் முக்கியம். மேக் இன் இந்தியா ஆணைப்படி 50 சதவீத உள்நாட்டு மதிப்பு இருந்தால் முதல் வகுப்பு உள்நாட்டு விற்பனையாளர், 20 சதவீதம் இருந்தால் இரண்டாம் வகுப்பு. இந்தியாவோடு நிலஎல்லை பகிரும் நாடுகளின் விற்பனையாளர்கள் அரசு டெண்டர்களில் பங்கேற்க முன்கூட்டியே அரசிடம் பதிவு செய்திருப்பது கட்டாயம். மலிவான சீன எலக்ட்ரோலைசர் விலையை வைத்து டிபிஆர் போட்டு, மானியம் கிடைத்தபின் அதை வாங்க முடியாமல் போவது இதனால்தான். உங்கள் திட்டத்துக்கு இவ்விரண்டும் எந்த அளவில் பொருந்தும் என்பதை நிதித் திட்டத்தை நடத்தும் முகமையிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கூட்டாளிகள் ஒப்பந்தத்தில், ஒருவர் பின்வாங்கினால் அவர் பங்கை யார் ஏற்பது என்பது இருக்க வேண்டும். அரசின் பார்வையில் முதன்மை விண்ணப்பதாரரே எல்லாவற்றுக்கும் பொறுப்பு.

படி 8: அனுமதி கிடைத்த பின்

அனுமதிக் கடிதம் வந்துவிட்டால் பணம் வந்துவிட்டதாக எண்ண வேண்டாம். மானியம் தவணையாக, வேலை முடிந்த கட்டத்தைப் பார்த்து வரும். சில திட்டங்களில் பெரும்பகுதி இயங்கத் தொடங்கிய பிறகே. இடைப்பட்ட மாதங்களுக்கு உங்கள் முதலீடும் புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்குக் கடன் தரும் அரசு நிறுவனமான ஐரெடா போன்ற நிறுவனத்தின் அல்லது வங்கியின் கடனும் தாங்க வேண்டும். அந்த இடைக்கால வட்டியையும் திட்டச் செலவில் சேருங்கள். அமெரிக்காவில் 2023 அக்டோபரில் ஏழு வட்டார ஹைட்ரஜன் மையங்களைத் தேர்ந்தெடுத்து 700 கோடி டாலர் வரை தருவதாக அறிவித்தார்கள். 2025 அக்டோபரில் கலிஃபோர்னியா மையத்துக்கும் பசிபிக் வடமேற்கு மையத்துக்குமான நிதியை ரத்து செய்தார்கள். மானியத்தின் இரண்டாம் தவணை ஓராண்டு தள்ளிப்போனால் திட்டம் நிற்குமா என்று ஒரு கணக்கு உங்கள் கோப்பில் இருக்கட்டும்.

மானியத்துக்குத் தனி வங்கிக் கணக்கு, அரசுப் பணத்தைக் கண்காணிக்கும் இணையதளமான பிஎஃப்எம்எஸ்ஸில் பதிவு, ஆடிட்டர் கையொப்பமிட்ட பயன்பாட்டுச் சான்றிதழ் ஆகியவை வேண்டும். மானியம் பெறும் நிறுவனங்களுக்கான படிவம் பொது நிதி விதிகளின் 12-ஏ. முந்தைய தவணைக்கான சான்றிதழ் போகாமல் அடுத்தது வராது. கணக்கில் கிடந்த பணத்துக்கு வட்டி வந்திருந்தால் அதை அரசுக்குத் திருப்பிக் கட்ட வேண்டும். அதை வேலைக்குச் செலவழித்துவிட்டுத் தணிக்கையில் மாட்டும் கல்லூரிகள் நிறைய.

கருவி ஓடத் தொடங்கிய நாளிலிருந்து மீட்டர் பதிவுகளைச் சேமியுங்கள்: உள்ளே போன யூனிட், அதன் மூலம், வெளியே வந்த கிலோ, நீர் அளவு, நின்ற நேரம், நின்ற காரணம். மணி வாரியாக, மாற்ற முடியாத கோப்பாக. பசுமைச் சான்றுக்கும் இதே பதிவு, கடைசித் தவணைக்கும் இதே பதிவு. யூனிட் மீட்டரை ஆலைக்கு மொத்தமாக ஒன்று வைக்காமல் எலக்ட்ரோலைசருக்கு ஒன்று, கம்ப்ரஸருக்கு ஒன்று, மற்றவைக்கு ஒன்று என்று மூன்றாகக் கட்டுமானத்தின்போதே மாட்டிவிடுங்கள். பிறகு மாட்டுவதென்றால் ஆலையை நிறுத்தி, பேனலைப் பிரித்து, ஆய்வாளரிடம் மறுபடியும் ஒப்புதல் வாங்க வேண்டியிருக்கும்.